ஸ்கோர் போட்டுவிட்டீர்கள், ஆட்டம் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு கிராண்ட் ஸ்லாம் டென்னிஸ் போட்டிகள் நான்காவது சுற்றைத் தாண்டிய பிறகும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அவற்றுக்கு ஒரு சின்னப் பத்திதான் கிடைக்கிறது. யார் யாரை எந்த செட் கணக்கில் வென்றார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆட்டம் எப்படி நடந்தது, எந்த இடத்தில் திரும்பியது என்று இரண்டு வரி இருப்பதில்லை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் டென்னிஸ் பைத்தியம் முதலில் அம்மாவுக்குத்தான் பிடித்தது, அவரிடமிருந்து எனக்கு வந்தது. விழித்திரைக் கோளாறால் அம்மாவுக்கு இப்போது நடுப்பார்வை இல்லை. டி.வி. திரையில் பந்து தெரியாது. இருந்தாலும் ஆட்டம் ஓடும்போது நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். களிமண் தரையில் ஷூ சறுக்கும் ஓசை, பந்து மட்டையின் நடுவில் படும்போது வரும் கெட்டியான சத்தம், ஓரத்தில் பட்டால் வரும் சப்பென்ற சத்தம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பிரெஞ்சு ஓபனில் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து மண்ணில் பந்து பதிந்த தடத்தைப் பார்ப்பார் இல்லையா, அப்போது கூட்டம் அடங்கிப்போகும். “இறங்கிட்டாரா?” என்று அம்மா உடனே கேட்பார். விம்பிள்டனில் 2025 முதல் கோட்டு நடுவர்கள் இல்லை, பதிவு செய்த குரல்தான் ‘அவுட்’ சொல்கிறது. அந்தக் குரல் வந்ததிலிருந்து தனக்குப் பாதி ஆட்டம் போய்விட்டது என்பது அவருடைய வருத்தம். கோட்டு நடுவர்களின் குரல் எந்த மூலையிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பந்து எங்கே போனது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

பின்னிரவு வரை நீளும் ஆட்டங்களுக்கு அவரால் உட்கார முடியாது. எனக்கும் மறுநாள் வேலை இருக்கும். ஆகவே காலையில் தங்கள் நாளிதழை நான் உரக்கப் படிப்பேன், அவர் கேட்பார். “இன்னார் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்ற செட் கணக்கில் வென்றார்” என்று படித்து நிறுத்தினால், “அது சரிடி, ரெண்டு செட்டைக் கொடுத்தவன் எப்படி எழுந்து வந்தான், அதைப் படி” என்பார். படிக்க அடுத்த வரி இருக்காது.

நான் சொன்ன அந்தக் கணக்கு 2025 பிரெஞ்சு ஓபன் ஆடவர் இறுதிப் போட்டியுடையது. 5 மணி 29 நிமிடம் நடந்தது. பிரெஞ்சு ஓபன் வரலாற்றிலேயே நீண்ட இறுதிப் போட்டி அதுதான். நான்காவது செட்டில் யானிக் சின்னர் 5-3 என முன்னிலையில் இருக்கிறார். சர்வ் போடும் கார்லோஸ் அல்கராஸ் அந்த கேமில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 0-40. சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட்கள், ஒன்றை எடுத்தாலும் கோப்பை அவருக்கு. மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். அந்த கேமை வென்று, அடுத்து சின்னரின் சர்வையும் உடைத்து (அதாவது அவர் சர்வ் போட்ட கேமையும் வென்று), செட் சமநிலையில் நிற்கும்போது முடிவு காண ஆடும் டை-பிரேக்கில் செட்டை எடுத்தார். ஐந்தாவது செட்டில் கதை மாறியது. அல்கராஸ் 5-4 என்று ஆட்டத்தை முடிக்க சர்வ் போட்டபோது சின்னர் அதை உடைத்தார். கடைசியில் பத்துப் புள்ளி டை-பிரேக், அதை அல்கராஸ் 10-2 என்று வென்றார். அன்று மொத்தமாக சின்னர் வென்ற புள்ளிகள் 193, அல்கராஸ் 192. தோற்றவர்தான் ஒரு புள்ளி அதிகம் எடுத்திருக்கிறார்! இதையெல்லாம் நான் வேறு இடங்களில் தேடி எடுத்து அம்மாவுக்குச் சொன்னேன். 0-40 பகுதியை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்.

2019 விம்பிள்டன் ஆடவர் இறுதிப் போட்டியும் அப்படித்தான். கடைசி செட்டில் 8-7, 40-15 என்ற நிலையில் பெடரர் கையில் சர்வ் இருந்தது. இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட்களும் நழுவி, 13-12 என்று ஜோகோவிச்சிடம் தோற்றார். புள்ளிக் கணக்கில் பெடரர் 218, ஜோகோவிச் 204. ஜோகோவிச் வென்ற மூன்று செட்களும் டை-பிரேக்கில் வந்தவை. யார் நன்றாக ஆடினார் என்பது ஒரு கேள்வி, முக்கியமான நேரத்தில் யார் நிதானமாக இருந்தார் என்பது வேறு கேள்வி. டென்னிஸ் ரசிகர்கள் ராத்தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பது இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ளத்தான். செட் கணக்கில் அது கிடைக்காது.

இரண்டாவது வாரத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று கேட்கலாம். ஒற்றையர் பிரிவில் 128 பேர் இறங்குகிறார்கள். போட்டித் தரநிலை பெற்ற 32 பேரையும் முதல் இரண்டு சுற்றில் ஒருவரோடு ஒருவர் மோதாதபடி பிரித்து வைக்கிறார்கள். முதல் 16 இடத்தில் இருப்பவர்கள் தங்களுக்குள் சந்திப்பதே நான்காவது சுற்றில்தான். அதற்குள் உடம்பும் களைத்திருக்கும். மூன்று சுற்றில் பதினைந்து செட் ஆடிவிட்டு வருபவரும் ஒன்பது செட்டில் முடித்துவிட்டு வருபவரும் எதிரெதிரே நின்றால் அது சமமான ஆட்டம் இல்லை. எனவே காலிறுதிச் செய்தியில் ஒருவர் அதுவரை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் போட்டால் வாசகருக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி புரிந்துவிடும்.

தலைப்பு மட்டும் படித்தால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு 2025 விம்பிள்டன் நான்காவது சுற்றைப் பாருங்கள். ‘சின்னர் காலிறுதிக்கு முன்னேற்றம்’ என்று எழுதினால் அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கிரிகோர் டிமிட்ரோவ் 6-3, 7-5 என்று இரண்டு செட்டையும் எடுத்திருந்தார். மூன்றாவது செட் 2-2. சர்வ் போட்டதும் நெஞ்சுத் தசையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஆட முடியவில்லை. சின்னர் வலையைச் சுற்றி ஓடி வந்தார், டிமிட்ரோவ் வெளியேறும்போது அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். அந்த சின்னர்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் அல்கராஸை வென்று கோப்பையை வாங்கினார், பிரெஞ்சு ஓபனில் அந்த மூன்று பாயின்ட்களை விட்ட ஐந்தே வாரத்தில். ஒரு சுற்றை இன்னொரு சுற்றோடும், ஒரு போட்டியை அடுத்த போட்டியோடும் கோத்துப் படிக்கும்போதுதான் டென்னிஸ் சூடு பிடிக்கிறது. தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நாள் செய்தியும் நேற்று என்று ஒன்று இல்லாததுபோல் தொடங்குகிறது.

மகளிர் ஆட்டங்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம், பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதே விம்பிள்டனில் இகா ஸ்வியாடெக் 6-0, 6-0 என்று அமாண்டா அனிசிமோவாவை 57 நிமிடத்தில் வென்றார். 1911-க்குப் பிறகு அங்கே ஒற்றையர் இறுதிப் போட்டி இப்படி முடிந்ததில்லை. அன்றைய செய்தியைப் படித்தவருக்கு அனிசிமோவா ஏதோ தவறிப்போய் இறுதி வரை வந்தவர் என்றே தோன்றியிருக்கும். அவர் 2023-ல் மனச்சோர்வால் டென்னிஸையே சில மாதங்கள் தள்ளி வைத்தவர், 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்டாதவர், 2025-ல் அரையிறுதியில் முதல் நிலை வீராங்கனை சபலென்காவை வீழ்த்தி இறுதிக்கு வந்தவர் என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அமெரிக்க ஓபன் காலிறுதியில் அதே ஸ்வியாடெக்கை 6-4, 6-3 என்று வென்றார். இதைப் படித்துச் சொன்னபோது அம்மா கைதட்டினார். ஆனால் நான் படித்தது தங்கள் நாளிதழில் அல்ல.

அதே 2025-ன் பிரெஞ்சு ஓபனில் தரவரிசையில் 361-வது இடத்தில் இருந்த லோயிஸ் போய்சன், வைல்டு கார்டில் (போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில்) நுழைந்து, பெகுலாவையும் ஆண்ட்ரீவாவையும் வென்று அரையிறுதி வரை போனார். இப்படி ஒரு பெயர் காலிறுதிப் பட்டியலில் வந்தால் யார் இவர் என்று வாசகர் கேட்பார் அல்லவா? ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும்.

இடப் பற்றாக்குறை எனக்குப் புரிகிறது. ஆட்டம் முடிவதற்குள் பக்கம் அச்சுக்குப் போய்விடும் என்பதும் தெரியும். 2022 அமெரிக்க ஓபனில் அல்கராஸும் சின்னரும் ஆடிய காலிறுதி நியூயார்க் நேரப்படி அதிகாலை 2.50-க்கு முடிந்தது, அதை எந்த நாளிதழும் உடனே பிடித்துவிட முடியாது. ஒரு நாள் தாமதமாகப் போடுங்கள். முடிவு எங்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும். எப்படி முடிந்தது என்பது மறுநாள் வந்தாலும் பழையதாகாது. வேண்டுமானால் முதல் வாரத்துச் செய்திகளைச் சுருக்கிக்கொண்டு அந்த இடத்தைக் காலிறுதிக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. நேர் செட்டில், அதாவது ஒரு செட்டும் இழக்காமல், வென்றால் உடனே ‘எளிதில் வீழ்த்தினார்’ என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடலாம். 7-6, 7-6, 7-6 என்பதும் நேர் செட்தான். அப்படி ஆடித் தோற்றவர் எந்த நேரத்திலும் ஜெயித்திருக்கலாம். அப்புறம், கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக் என்ற விதி 2022 முதல் நான்கு கிராண்ட் ஸ்லாம்களுக்கும் பொதுவாகிவிட்டது. ‘7-6 (10-2)’ என்று பார்த்துக் குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போட்டி தொடங்கும் நாளில் இதை இரண்டு வரியில் விளக்கினால் புதிதாகப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் உதவும்.

இரட்டையர் ஆட்டங்களையும் விட்டுவிட வேண்டாம். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் ரோகன் போபண்ணா தன் 43-வது வயதில் மேத்யூ எப்டனோடு சேர்ந்து ஆடவர் இரட்டையர் பட்டம் வென்றபோது அத்தனை பேரும் முதல் பக்கத்தில் போட்டார்கள். ஆனால் அந்தக் காலிறுதியையும் அரையிறுதியையும் வாசகர்களுக்கு யார் சொன்னார்கள்? கோப்பை கையில் வந்த பிறகு அவரைக் கொண்டாடியவர்கள், அந்த இரண்டு வாரமும் கூடவே வந்திருந்தால் இன்னும் சந்தோஷமாகக் கொண்டாடியிருப்பார்கள்.

அடுத்த கிராண்ட் ஸ்லாமில் காலிறுதி தொடங்கும் நாளிலிருந்து ஒற்றையரில் ஆடவர் ஒன்று, மகளிர் ஒன்று என இரண்டு ஆட்டங்களையாவது விவரமாக எழுத ஆள் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். நூற்றைம்பது சொல் இருந்தாலே போதும். படித்துக்காட்ட நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி