கடன்பட்டவர்களோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், வேறு சமயத்தவராக இருந்தும் எங்களோடு இந்தப் பணியில் தோள்கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

சேகரத்தின், அதாவது ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின், செயலர் என்ற முறையில் நான் வழக்கமாக எழுதும் நன்றி மடல், அசனம் என்னும் சபை விருந்துக்கு அரிசியும் விறகும் தந்தவர்களுக்கானது. இந்த மடல், முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் எங்கள் சபைப் பெண்கள் குழுக்கடனாலும் கந்துவட்டியாலும் நெருக்குண்டு கிடந்தபோது, இவ்வாண்டு லெந்து என்னும் தவக்காலம் முழுவதும் அவர்களோடு நின்றவர்களுக்கானது.

முதல் நன்றி, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்கப்பட்டபோது எழுந்து நின்று, நான்கு இடங்களில் குழுக்கடன் வாங்கியிருப்பதையும், ஒன்றின் தவணையைக் கட்ட மற்றொன்றில் வாங்குவதையும், வசூலுக்கு வருகிறவருக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போய்வருவதையும் அழாமல் சொல்லி முடித்த அந்தச் சகோதரிக்கு. எங்கள் ஊரில் நோய்க்கு ஜெபம் கேட்பார்கள், மகளின் திருமணத்துக்குக் கேட்பார்கள். கடனுக்கு யாரும் கேட்டதில்லை. அவர் அமர்ந்த பிறகு மேலும் ஆறு பேர் எழுந்தார்கள்.

எங்கள் சேகரத்துப் போதகரான ஐயர் அவர்கள் அதை வெறும் ஜெபக் குறிப்பாக விட்டுவிடவில்லை. ஆராதனையில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லும்போது 'எங்கள் குற்றங்களை எங்களுக்கு மன்னியும்' என்றே சொல்லிப் பழகிய எங்களிடம், வேதத்தைத் திறந்து மத்தேயு 6:12-ஐ வாசிக்கச் சொன்னார். அங்கே இருக்கும் சொல் 'கடன்கள்'. அடுத்த வாரம் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை எடுத்தார். பதினாயிரம் தாலந்து கடனை ராஜா மன்னித்துவிட, மன்னிப்புப் பெற்றவனோ வெளியே வந்ததும் நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தன் உடன் வேலைக்காரனின் தொண்டையை நெரிக்கிறான். அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி என்று ஐயர் விளக்கியபோது, அப்படியானால் நூறு பணம் என்பது ஒரு லட்சம் பீடி என்று, நாளுக்கு ஆயிரம் பீடி சுற்றும் ஒரு தாயார் கணக்குச் சொன்னார். நான் அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவரும் அந்த உவமையை, அதுவரை யாரும் எனக்கு அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அந்த உவமையில் தொண்டையை நெரிக்கிறவன் ராஜா அல்ல, கூட வேலை செய்கிறவன் என்பதில் நாங்கள் நெடுநேரம் நின்றோம். குழுக்கடனின் அமைப்பே அதுதான்: ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், ஆகவே கடன் கொடுத்தவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அடுத்த வீட்டுக்காரி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஒரு தவணை தவறிய விதவைத் தாயின் வீட்டு வாசலில் எங்கள் சபைப் பெண்களே இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருந்ததை அந்தக் கூட்டத்தில் ஒருவர் அறிக்கையிட்டார். மறுநாள் அவர்கள் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கும், கதவைத் திறந்து அவர்களை உள்ளே உட்காரவைத்த அந்தத் தாய்க்கும், உடன் சென்ற இந்து, இஸ்லாமியக் குழு உறுப்பினர்களுக்கும் இந்தச் சபை கடமைப்பட்டிருக்கிறது.

பக்கத்து ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தைச் சேர்ந்த, வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சனிக்கிழமை தோறும் பேருந்தில் வந்து, கடன் அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, காப்பீடு என்று பிடித்தது எவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுத்தார். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் வகுத்த விதிகளை அவரிடமிருந்துதான் அறிந்தோம். கந்துவட்டிக்கு எதிராக 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருப்பதையும், பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் எடுத்துச் சொன்ன இளம் வழக்கறிஞர், இருவருக்கு மனு எழுதிக் கொடுத்து, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தாமே உடன் சென்றார். இவ்விருவரும் பயணச் செலவைக்கூட வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஆலயக் கோபுரத்துக்கு வண்ணம் பூசச் சேர்த்திருந்த பணத்தை வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுப்பது என்று சேகர மன்றம் முடிவெடுத்தது. எதிர்த்துப் பேசிய மூத்தவர்கள் இருந்தார்கள்; முடிவானபின் அவர்களே தங்கள் பங்காகவும் பணம் கொண்டுவந்து சேர்த்தார்கள். நம் முன்னோர் மிஷனரிப் பணிக்கென்று பானையில் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை, இந்த நிதிக்கென்று மீண்டும் எடுத்துவைக்கத் தொடங்கிய வீடுகளுக்கும் நன்றி.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். வட்டிக்குப் பணம் கொடுத்துவந்த அவர் நம் சபையைச் சேர்ந்தவர். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் இரவு ஐயர் வீட்டுக்கு வந்து, அசலுக்கு மேல் ஏற்கெனவே கட்டிவிட்டவர்களின் புரோநோட்டுகளை மேசையில் வைத்தார். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் நிருபம் சொல்லும் அந்தக் 'கையெழுத்து' கடன் சீட்டுத்தான் என்று தியானக் கூட்டத்தில் கேட்டதிலிருந்து உறங்க முடியவில்லை என்று மட்டும் சொன்னார். ஐயா, தாங்கள் அன்று விட்டுக்கொடுத்தது சிறிய தொகையன்று.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூன்று குடும்பங்களின் கடன் இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது. ஒரு குடும்பம் நாங்கள் விழித்துக்கொள்ளும் முன்பே வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டது. அவர்களைத் தேடிப் போய்வந்த வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி. அடுத்த மாதம் மறுபடியும் போகிறார்கள்; இம்முறை நானும் உடன் போகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
சேகரச் செயலர்