தங்கும் வான் கட்டுவோர் கட்டிலுக்கு முன் எஞ்சினைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஓகஸ்ட் மாத மடுத் திருவிழா, வைகாசி விசாகத்தில் வற்றாப்பளைப் பொங்கல், பிறகு கதிர்காமம் என்று குடும்பத்தோடு போய் இரண்டு மூன்று இரவு தங்கிவர, பழைய டீசல் வானையோ சின்ன பஸ்ஸையோ நடமாடும் வீடாக மாற்றிக் கட்டும் ஆசை வன்னியில் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும், வரியோடு சேர்த்த விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. ஆகவே கைக்கு வருவது இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய ஹையேஸ் வானும் கோஸ்டர், ரோசா சின்ன பஸ்களும் தான். அவற்றைப் பிழை சொல்வதற்கில்லை. கம்பியூட்டர் இல்லாத எஞ்சின். ஸ்பானர் செற்றும் பொறுமையும் உள்ளவர் வீட்டு முற்றத்திலேயே பாதி வேலையைச் செய்யலாம். ஆனால் பணம் போகும் ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. முதலில் கட்டில், அலுமாரி, திரைச்சேலை, சோலர். எஞ்சினுக்கு மிச்சக் காசு. அப்படிக் கட்டிய வான் மாங்குளம் தாண்டுமுன் கொதித்து நிற்கும். இதைத் தவிர்க்க என்ன செய்யலாம் என்பதை விபரமாக எழுதுகிறோம், பிரசுரித்து உதவுங்கள்.

முதல் வேலை தண்ணீர். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு றேடியேற்றர் குழாய்களிலும் எஞ்சின் புளொக்குக்குள்ளும் படிந்து, சூடு வெளியேற விடாமல் தடுக்கிறது. எஞ்சின் முழுதாக ஆறிய பின் கீழ்த் திருகைக் கழற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். பிறகு கிணற்று நீர் வேண்டாம். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். ஹீற்றர் உள்ள வண்டியென்றால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகி நீர்மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் சூட்டு முள் சரியாகக் காட்டாது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட் மட்டும் வேகும்.

றேடியேற்றர் மூடியைப் பலர் கவனிப்பதே இல்லை. 0.9 என்று அச்சிட்ட மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியின் றப்பர் காய்ந்து வெடித்திருந்தால் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளிவிடும். வாகனத்துக்கு என்ன எண் சொல்லப்பட்டிருக்கிறதோ அதே எண்ணில் புதியது போடுங்கள். கூடிய எண் போட்டால் பழைய ஹோஸ்தான் முதலில் வெடிக்கும்.

சூடு ஏறுகிறதென்றால், சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை றேடியேற்றருக்கு விடும் தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிவது இங்கே வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். பல ரொயோட்டா எஞ்சின்களில் அதன் அடிப்பக்கத் தட்டு, சூடானதும், தண்ணீர் றேடியேற்றருக்குப் போகாமல் திரும்பும் சுற்றுவழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வெயிலில் ஏற்றம் ஏறும்போது சூடு முன்னையதைவிடக் கூடும். அது வேலை செய்கிறதா என்று கழற்றிச் சோதிக்க ஒரு சட்டித் தண்ணீரும் வெப்பமானியும் போதும். நூலில் கட்டி, சட்டியின் அடியில் முட்டாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த அளவுக்குக் கிட்டத் திறக்கத் தொடங்கி, தொண்ணூறைத் தாண்டியதும் நன்றாக விரிந்திருக்க வேண்டும். ஆறியதும் முழுதாக மூட வேண்டும்.

எஞ்சின் விசிறியின் நடுவில் உள்ள கப்ளிங்கிற்குள் சிலிக்கோன் ஒயில் இருக்கிறது. நன்றாக ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் இருக்க வேண்டும். தட்டியதும் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் ஒயில் போய்விட்டது. றேடியேற்றர் தகடுகளுக்கிடையில் செம்புழுதியும் நெல்லுச் சப்பியும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். சேர்விஸ் ஸ்ரேஷன் துப்பாக்கியை நெருக்கிப் பிடித்தால் தகடு மடிந்துவிடும். இத்தனையும் ஏன் என்றால், ஹையேஸில் வரும் 3எல் போன்ற எஞ்சின்களின் ஹெட், ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே வால்வுகளுக்கிடையில் வெடிக்கக்கூடியது. ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்ரார்ட் பண்ணியதும் றேடியேற்றர் வாயில் குமிழ் விடாமல் வந்துகொண்டிருந்தால், ஹெட்டோ அதன் கீழுள்ள கஸ்கெற்றோ ஏற்கெனவே போய்விட்டது. அந்த வண்டிக்கு இப்போது கட்டில் செய்யாதீர்கள்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து ஓடவைக்கும் ரைமிங் பெல்ற் பற்றி ஒரு வரி போதும்: 3எல், 5எல், கோஸ்டரின் 1எச்இசட் எஞ்சின்களுக்கு 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இன்றே மாற்ற வேண்டும், அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிபடும்.

அடுத்தது டீசல். காலையில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்ரார்ட் ஆகிறதென்றால் உடனே டீசல் பம்பைக் கழற்றக் கொடுக்காதீர்கள். பம்புக்குப் போகும் டீசல் குழாயில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸைத் தற்காலிகமாகப் பொருத்துங்கள். எஞ்சின் ஓடும்போது அதில் குமிழ் ஓடினால், ராங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது. டீசல் சொட்டும் ஓட்டையைக் கண்ணால் பிடிக்கலாம். காற்று இழுக்கும் ஓட்டையோ சொட்டாமல் காய்ந்தே கிடக்கும். பெரும்பாலும் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பின் டயபிரம், பில்டர் றப்பர் வளையம், வெடித்த றப்பர்க் குழாய், இந்த மூன்றில் ஒன்று. மூன்றும் மலிவான சாமான்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நொசில்களுக்கு மேலே போகும் மெல்லிய திரும்பு ஹோஸையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள்: அடியில் தண்ணீர் தனியாக நிற்கும். கறுப்புச் சளிபோல வந்தால் ராங்கிக்குள் கிருமி வளர்ந்திருக்கிறது; ராங்கியை இறக்கிக் கழுவாமல் பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சூப்பிப் போத்தலால் பெற்றோல் துளி விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. அந்தக் கெட்டித்தனத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் டீசல் பம்ப் வேறு. இந்த வான்களின் பம்புக்கு உள்ளே ஓடும் டீசலேதான் ஒயில். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து, பம்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தேயும். பிறகு சூடான எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாது.

புகைச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று பம்பின் திருகைத் திருப்புவோரும் உண்டு. கறுப்புப் புகைக்கு முதலில் பாருங்கள் காற்று பில்டரை. அதற்கு அப்பால் உள்ள குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவுங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் பில்டர் சரியாக அமரவில்லை. புழுதி நேரே சிலிண்டருக்குப் போகிறது. கிறவல் வீதியில் ஓடும் வண்டிக்கு இதுதான் மெல்லக் கொல்லும் நோய். பில்டரைக் காற்றடித்துத் துப்புரவாக்குவதானால் உட்பக்கமிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேற்படாமல் அடியுங்கள். பில்டர் சரியாக இருந்தும் புகைத்தால் நொசில்களைப் பரிசோதிக்கக் கொடுங்கள். திரும்பப் பூட்டும்போது செப்பு வாஷர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். காலையில் மட்டும் டீசல் மணத்தோடு வெள்ளைப் புகை என்றால், ஸ்ரார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீற்றர் பிளக்கைப் பாருங்கள். மேலே எல்லாப் பிளக்குகளையும் இணைக்கும் தகட்டைக் கழற்றி, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சோதனை மின்குமிழைப் பிளக்கின் தலையில் தொடுங்கள். எரியாத பிளக் செத்தது. தகட்டைக் கழற்றாமல் சோதித்தால் ஒன்று உயிரோடிருந்தாலே எல்லாம் எரிவதாகக் காட்டும். பிளக்கை நேரே 12 வோல்ற்றில் பிடித்துப் பழுக்க வைத்துப் பார்க்காதீர்கள். சில பிளக்குகள் அதைவிடக் குறைந்த வோல்ற்றுக்குச் செய்தவை.

பிறேக்கில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். ஹையேஸ் போன்றவற்றில் பெடலை இலகுவாக்கும் பிறேக் பூஸ்டருக்கு வேண்டிய வக்கியூம், பற்றரிக்குச் சேர்ஜ் தரும் ஒல்டர்நேற்றரின் பின்னால் பூட்டிய சிறு பம்பிலிருந்து வருகிறது. அந்தப் பம்பின் சீல் கசிந்தால் எஞ்சின் ஒயில் ஒல்டர்நேற்றருக்குள் போகும். ‘பற்றரி சேர்ஜ் இல்லை’ என்று வருகிறவரின் பிறேக்கும் அதனால் ஆபத்தில் இருக்கலாம். எஞ்சின் நிற்கும்போது பெடலை நாலைந்து தரம் மிதித்து, மிதித்தபடியே ஸ்ரார்ட் பண்ணுங்கள். கால் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் புறப்படாதீர்கள். ஏற்றும் பாரத்தையும் கவனியுங்கள்: தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதைப் பின்கதவோரம் வைக்காமல் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு வீட்டுப் பக்கம். கட்டிலும் அலுமாரியும் எப்படி என்று நம் தச்சருக்குச் சொல்லத் தேவையில்லை. பிளைவுட் மெல்லியதாக, போல்ற் போட்டுக் கழற்றக்கூடியதாக இருந்தால் போதும். கரண்டில்தான் தீப்பிடிக்கிறது.

முதலில் கணக்குப் போடுங்கள். 25 வாற்ஸ் விசிறி 8 மணிநேரம் 200, 5 வாற்ஸ் எல்இடி நாலு 5 மணிநேரம் 100, போன்களுக்கு 50: மொத்தம் 350 வாற்ஸ்-மணி. 12 வோல்ற் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது; அந்தப் பாதி 600. ஆகவே தாராளம். சின்ன 12 வோல்ற் பிரிட்ஜ் சேர்த்தால் எங்கள் வெக்கையில் நாளுக்கு இன்னும் 500 போகும். அப்போது 100 அம்பியர்-மணி லிதியம் வேண்டும். இரண்டு இரவுப் பயணத்துக்கு ஐஸ்கட்டி போட்ட றெஜிபோம் பெட்டியே போதும் என்பது எங்கள் அபிப்பிராயம். கூரையில் தட்டையாகப் பூட்டிய 200 வாற்ஸ் பனல், நல்ல வெயிலில் நாளுக்கு ஏறத்தாழ 700 தரும். கார்த்திகை மழையில் அதில் பாதியையும் நம்ப முடியாது. பனலுக்கும் கூரைக்கும் இடையில் 20 மில்லிமீற்றராவது காற்றிடைவெளி விடுங்கள். சூடான பனல் குறைவாகவே தரும்.

எஞ்சினிலிருந்தும் சேர்ஜ் எடுப்பதானால் நடுவில் இழுவையை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சேர்ஜர் வேண்டும். லிதியத்தை நேரே ஒல்டர்நேற்றருக்குக் கொடுத்தால் அது இழுக்கிற இழுவையில் ஒல்டர்நேற்றர் வெந்துவிடும். வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்னாலிருந்து பின்னுக்கு 5 மீற்றர் என்றால் போய்வர 10. 30 அம்பியர் ஓடும்போது 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 0.9 வோல்ற் கிட்ட இழக்கும். 16 சதுர மில்லிமீற்றரில் 0.33 தான். இரண்டு பற்றரிகளின் பக்கத்திலும், நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், 40 அம்பியர் பியூஸ் போடுங்கள். பியூஸ் காப்பது வயரை. ஒரு முனையில் மட்டும் போட்டால் மறுமுனைப் பற்றரி வயரை எரித்துவிடும்.

ரோசா பெரும்பாலும் 24 வோல்ற். 12 வோல்ற் விளக்குக்கும் றேடியோவுக்கும் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுப்பது இங்கே பரவலான பிழை. அந்தப் பற்றரி எப்போதும் பட்டினி கிடக்க, மற்றது மிகைச் சேர்ஜில் கொதித்து வீங்கும். இரண்டும் ஒரே வருடத்தில் போகும். 24 இலிருந்து 12க்கு இறக்கும் கொன்வேட்டர் ஒன்றின் விலை, புதுப் பற்றரி ஒன்றைவிடக் குறைவு.

காஸ் சிலிண்டரை வானுக்குள் பெட்டியில்லாமல் வைக்கவே கூடாது. எல்பி காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் கட்டிலின் கீழே தேங்கி நிற்கும், ஒரு சுவிச்சின் பொறி போதும். 5 கிலோ சிலிண்டருக்குத் தனிப் பெட்டி செய்து, உட்பக்கம் முழுதாக அடைத்து, தரையில் வெளியே போகத் துவாரம் விடுங்கள். ஒவ்வொரு முறை பூட்டிய பின்னும் மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்படுத்துவது, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி ஏற்றிக்கொண்டு பிள்ளைகளோடு உறங்குவது. சைலன்ஸர் குழாயில் ஒரு ஓட்டை, பின்கதவு றப்பரில் ஒரு பிளவு இருந்தால் போதும், காபன் மொனொக்சைட் உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்குகிறவர் எழும்பமாட்டார். மடுக் காட்டில் வான்கள் நெருக்கி நிற்கும்போது பக்கத்து வானின் புகையே போதும். ஜெனரேற்றர் குறைந்தது 6 மீற்றர் தள்ளி, காற்று வானை விட்டு விலகிப் போகும் திசையில் இருக்கட்டும். காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பூட்டுங்கள். ஏசியை விட்டு, கூரையில் 25 மில்லிமீற்றர் போம் ஒட்டி, வெள்ளை அடித்து, விசிறியும் நுளம்பு வலையும் போட்டால் இரவு உறங்கலாம்.

இரண்டு வேண்டுகோள்கள். இருக்கையைக் கழற்றி வாகனத்தின் அமைப்பை மாற்றுவோருக்கு என்ன அனுமதி, எந்தப் படிவம் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மாவட்டச் செயலகங்களில் தமிழில் ஒட்டிவைக்க வேண்டும். இப்போது ஆளுக்கொரு கதை சொல்லப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனப் பகுதி இருக்கிறது. பழைய டீசல் வாகனம் வைத்திருப்போருக்கு அங்கே சனி ஞாயிறுகளில் குறுகிய வகுப்பு ஒன்று நடத்தட்டும்: முதல் நாள் தண்ணீரும் டீசலும், இரண்டாம் நாள் பிறேக்கும் வயரிங்கும். சொந்த வண்டியைக் கொண்டுவந்து அதிலேயே செய்து பழக விட வேண்டும்.

இப்படிக்கு,
டீசல் வாகனத் திருத்துநர்கள் சிலர்,
கிளிநொச்சி.