வெள்ளியோடு நின்றவரா ரிசி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சுவிஸ் விளையாட்டு வீரர்கள் பற்றி வந்த கட்டுரையில் தடச் சைக்கிள் வீரர் புரூனோ ரிசிக்கு இரண்டே வரி. அதிலும் 'ஒலிம்பிக் வெள்ளியோடு நின்றுபோனவர்' என்று ஒரு முத்திரை. போதாக்குறைக்கு அவர் ஓடிய மேடிசன் என்ற இருவர் ஜோடிச் சைக்கிள் பந்தயத்தைத் 'தொடரோட்டம்' ஆக்கிவிட்டீர்கள்.

தொடரோட்டத்தில் கோலைக் கொடுத்தவர் ஒதுங்கிவிடுவார். மேடிசனில் ஒதுங்க இடமில்லை. ஜோடியில் ஒருவர் கீழே பந்தயத்தில் பாய, மற்றவர் சரிந்த தடத்தின் மேல்விளிம்பில் மெதுவாக உருட்டியபடி மூச்சு வாங்குவார். ஓடுகிறவர் நெருங்கி வந்து கையைப் பிடித்து அவரை முன்னே எறிவார். சைக்கிளில் பிரேக் கிடையாது. பெடலை மிதிக்காமல் சும்மா இருக்கவும் முடியாது. அதே நொடியில் சுற்றிலும் மற்ற ஜோடிகளும் கைமாறிக்கொண்டிருக்கும்.

தொண்ணூறுகளில் சூரிச்சின் ஓர்லிக்கோனில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்தேன். கூட வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர் ஹாலன்ஸ்டேடியோன் உள்ளரங்கில், ஆறு இரவுகள் மேடிசன் முதலிய சைக்கிள் பந்தயங்கள் தொடர்ந்து நடக்கும் ஆறுநாள் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார். முதல் இரவு, யார் முன்னால் யார் பின்னால் என்றே பிடிபடவில்லை. 'ஏன் ஒருத்தனை ஒருத்தன் பிடித்து இழுக்கிறான், சண்டையா?' என்று கேட்டேன். சிரித்துவிட்டு, 'ரிசியையும் பெட்ஷார்ட்டையும் மட்டும் பார்' என்றார். பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் ஒருவர் கையைப் பின்னால் நீட்டுவார், அங்கே மற்றவரின் கை இருக்கும்.

ரிசியும் குர்ட் பெட்ஷார்ட்டும் ஊரி மாநிலத்து மலைப்பிள்ளைகள், இருவரும் 1968இல் பிறந்தவர்கள். சேர்ந்து 37 ஆறுநாள் பந்தயங்களை வென்றார்கள். ஒரே ஜோடி இத்தனை வென்றது வேறெங்கும் இல்லை. ரிசியின் மொத்தக் கணக்கு 61. இடையிடையே வரும் பாய்ச்சல்களில் புள்ளி சேர்க்கும் புள்ளிப் பந்தயத்தில் 1991இல் அமெச்சூர் உலகப் பட்டம், பிறகு 1992, 1994, 1999, 2001. மேடிசனில் ஃபிராங்கோ மார்வுல்லியோடு 2003, 2007. ஆக ஏழு உலகப் பட்டங்கள். நீங்கள் சொன்ன வெள்ளி 2004இல் ஏதென்ஸில் மார்வுல்லியோடு எடுத்தது. அன்று ஆஸ்திரேலிய ஜோடிக்குப் பின்னால் வந்தார்கள், உண்மைதான். ஆனால் ஆண்கள் மேடிசன் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2000இல். 2008க்குப் பிறகு அதையும் புள்ளிப் பந்தயத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். மேடிசன் டோக்கியோவில் திரும்பி வந்தபோது ரிசி ஓய்வுபெற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கடை திறந்திருந்த நேரம் அவ்வளவுதான்!

உங்கள் அளவுகோலை வைத்தால் இன்னொரு சுவிஸ் சைக்கிள் வீரர் ஊர்ஸ் ஃப்ராய்லரின் கதை இன்னும் மோசம். பெரிய மீசைக்காரர். எட்டு முறை புள்ளிப் பந்தயத்திலும் மோட்டார் வண்டிக்குப் பின்னால் வேகம் பிடித்துக் கடைசியில் பாயும் கெய்ரினில் இரண்டு முறையும் தொழில்முறை உலக சாம்பியன். சாலையிலும் விடவில்லை, இத்தாலியின் பலநாள் சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் 15 கட்டங்களை வென்றவர். பட்டங்களை அள்ளிய எண்பதுகளில் தொழில்முறைக்காரர்களுக்கு ஒலிம்பிக் கதவே திறக்கவில்லை. 1996இல்தான் திறந்தது. அவரை எந்த வரிசையில் வைப்பீர்கள்? உங்கள் கட்டுரையில் அவர் பெயரைத் தேடினேன், இல்லை.

மேடிசன் என்ற பெயர் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கிலிருந்து வந்தது. ஆறு நாளும் ஒரே ஆள் தூக்கமில்லாமல் ஓடி விழுவதைப் பார்த்து, ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. சட்டத்துக்கு வழி கண்டுபிடித்த அமைப்பாளர்கள் 1899இல் இரண்டிரண்டு பேராக ஓடவிட்டார்கள். சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹாலன்ஸ்டேடியோனில் இப்போது ஆறுநாள் பந்தயம் இல்லை. தங்கள் நிருபர் கோடையில் சூரிச் பக்கம் வந்தால், செவ்வாய் மாலை ஓர்லிக்கோன் திறந்தவெளித் தடத்துக்கு வரட்டும். 1912இல் கட்டிய சிமெண்டுத் தடம், பக்கத்திலேயே உட்காரலாம். வானத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், மழை பெய்தால் பந்தயம் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சூரிச்