மன்ற அறையின் சாவி: மாணவர் நலத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாணவர் நலத் துறையினருக்கு,

வணக்கம். கல்வியாண்டு முடியும்போது மன்ற அறைகளைக் காலி செய்யச் சொல்லி, அடுத்த ஆண்டு புதிதாக ஒதுக்குவது பல பல்கலைக்கழகங்களில் வழக்கம். விவாத மன்றத்துக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அறிபுனை (அறிவியல் கற்பனைக் கதை), மிகுபுனைவு (மாயாஜாலக் கற்பனைக் கதை) வாசகர் மன்றத்துக்கோ இது வேரில் வெந்நீர் ஊற்றுவது. உறுப்பினர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள். நிற்பது புத்தக அலமாரி ஒன்றுதான். அதற்கு ஆண்டுதோறும் இடம் மாறாத ஓர் அறை வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

"மைய நூலகத்தில் சேர்த்துவிடலாமே" என்பீர்கள். நூலகங்கள் நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் புனைகதை மொழிவாரியாகவும், ஆங்கிலத்தில் நாடுவாரியாகவும் பிரியும். அமெரிக்க எழுத்து 813-இல், பிரிட்டிஷ் எழுத்து 823-இல், ரஷ்ய எழுத்து 891.73-இல் போய் உட்காரும். விண்வெளிக் கதை தேடி வருபவர் மூன்று அடுக்குகளுக்கு அலைய வேண்டும். பழைய மலிவுப் பதிப்புகளும் கதை இதழ்களும் அதிகம் இரவல் போவதில்லை. நூலகம் நூல்களைக் கழிக்கும்போது முதலில் வெளியேறுவது அவைதான். தொகைநூலுக்குள் இருக்கும் சிறுகதைகளைத் தனித்தனியே பட்டியலிட மைய நூலகத்துக்கு நேரம் இருக்காது. மன்றம் அதைச் செய்யும், ஏனென்றால் இத்துறையின் நல்ல எழுத்தில் பெரும்பகுதி சிறுகதை.

சரி, விடுமுறைக்கு மட்டும் பெட்டியில் கட்டி வைக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 11 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் உள்ள கையடக்கப் பதிப்புகள் ஒரு மீட்டருக்குச் சுமார் 40 நிற்கும். 2,000 புத்தகம் என்றால் 50 மீட்டர், பெட்டிக்கு 30 வீதம் 67 பெட்டிகள். இந்தப் பதிப்புகளின் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளாலும் அமிலத்தாலும் அது தானே பழுத்து நொறுங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், அதுவும் மூடிய பெட்டியில் யார் கண்ணிலும் படாமல். அவசரத்தில் புத்தகத்தின் முதுகு மேலே பார்க்க அடுக்கினால் தாள்கட்டின் எடை முதுகுப் பசையை வருத்தும். பழைய பசை காய்ந்து விறைத்திருக்கும். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், நடுப்பக்கத்தில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து இருபது தாள் கையோடு வரும். யாராவது செலோடேப் ஒட்டுவார்கள். அதன் பசை மஞ்சளாகி எழுத்தின் மேல் கசியும், பிறகு எடுக்கவே முடியாது.

நாங்கள் கேட்கும் அறை பெரிதல்ல. 90 செ.மீ. அகலம், ஏழு தட்டு உள்ள அலமாரிகள் எட்டு இருந்தால் அந்த 2,000 புத்தகமும் அடங்கும். தட்டின் ஆழம் 15 செ.மீ. போதும். 30 செ.மீ. தட்டு கொடுத்தால் இரண்டு வரிசையாக அடுக்குவார்கள், பின்வரிசை இல்லாத புத்தகத்துக்குச் சமம். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், சுவருக்கும் அலமாரிக்கும் இடையே 5 செ.மீ. காற்றோட்டம் இருக்கட்டும். நிலவறை மட்டும் வேண்டாம்.

மாணவர்கள் இதைப் பொறுப்பாக நடத்துவார்களா என்ற ஐயம் நியாயமானதே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) அறிபுனைச் சங்கம் 1949-இல் தொடங்கியது. 60,000-க்கும் மேற்பட்ட நூல்களை மாணவர்களே பராமரிக்கிறார்கள். சாவி பெற்ற உறுப்பினர் ஒருவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அங்கே நூலகம் திறந்திருக்கும். இந்த ஏற்பாட்டை எந்த மன்றமும் கைக்கொள்ளலாம்: ஐந்து சாவி, ஐந்து பெயர், வாசலில் ஒரு நேர அட்டவணை.

பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. நூலுக்கு நூல் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண் பன்னாட்டுத் தரமானதே 1970-இல்தான், ஆகவே பழைய நூல்களை ஸ்கேனர் கொண்டு பதிய முடியாது; கையால்தான் ஏற்ற வேண்டும். தொடர் நாவல் என்றால் எத்தனையாவது பாகம் என்பதைத் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். காணாமல் போவது பெரும்பாலும் முதல் பாகம், அது போனால் மற்ற பாகங்களை யாரும் தொட மாட்டார்கள். அதனால் மன்றத்துக்கான மானியத்தில் முதல் பாகங்களுக்கு இரண்டு படி வாங்க அனுமதியுங்கள்.

கூட்ட நேரம் பற்றியும் ஒரு சொல். 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் அறிபுனை எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய முறைப்படி, கதையை முன்கூட்டியே படித்து வந்த எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசுவார்கள். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது, பிறகு ஐந்து நிமிடம் பதில் சொல்வார். பொது உரையாடலோடு ஒரு கதைக்கு 40 நிமிடம். நீங்கள் தரும் ஒரு மணி நேரத்தில் இரண்டாவது கதை எப்போதும் நின்றுபோகிறது. எழுதிக் கொண்டுவந்த முதலாண்டு மாணவர் அடுத்த வாரம் வருவதில்லை. 90 நிமிடம் தாருங்கள்.

கடைசியாக, பொறுப்பு மாற்றம். தேர்வுக்குப் பிறகு தேர்தல் வைத்தால் பழைய செயலாளர் ஊருக்குப் போயிருப்பார். சாவி, கடவுச்சொல், வங்கிக் கையொப்பம் எல்லாம் அவரோடு போயிருக்கும். பருவம் முடிய ஆறு வாரம் இருக்கும்போதே தேர்தலை நடத்த விதி செய்யுங்கள். மின்னஞ்சல் கணக்கு ஆளின் பெயரில் இல்லாமல் பதவியின் பெயரில் இருக்கட்டும். விடுமுறையில் வாரம் ஒருமுறை காவலர் அந்த அறையின் சன்னலை ஒரு மணி நேரம், மழையில்லாத நாளில், திறந்து வைக்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
அறிபுனை, மிகுபுனைவு மன்ற நூலகங்களைப் பராமரிப்போர்