மூன்றாம் கட்டில் வந்தான்

பாறசாலை
17.6.2025

அன்புள்ள சூசை,

தேவசகாயம் பிள்ளைக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்த 2022 மே மாதத்தில் நீ எழுதிய கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் போய் முழங்காலில் நின்றதை நாலு பக்கம் எழுதியிருந்தாய். மூன்று வருஷம் வாய் திறக்காதவன் இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். முதலில் வீட்டுச் செய்தி: முழங்கால் வலி இருக்கிறது, சர்க்கரை அடங்கியிருக்கிறது, மூத்தவள் அயர்லாந்தில் நலம். மூணாறுக் குளிரில் தங்கைக்கு இருமல் எப்படி இருக்கிறது? கேட்டதாகச் சொல்.

மூன்றாம் கட்டில் வந்தான். ஹாஸ்டல் அறையில் மூன்றாவது கட்டிலில் நம்மோடு படுத்தானே, அவனேதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம். நல்ல மழை. கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றான். முகம் பிடிபடவில்லை. இடது தோள் சாய்ந்து நிற்கிற அந்த நிலையைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன். 21 வருஷம், சூசை. 2004-ல் தான் நடத்திய ஏலச்சீட்டை அப்படியே போட்டுவிட்டுக் குடும்பத்தோடு ராத்திரியில் கிளம்பிப் போனவன். என் 1,80,000 ரூபாய், உன் 60,000. மூத்தவளின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த பணம். அதற்காக அவள் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போய்த் திரும்பி வராத கதை உனக்குத் தெரியும்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினான். பல மடிப்பாக மடித்து ரப்பர் பாண்டு போட்டிருந்தது. உள்ளே நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு. நோட்டில் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் வாசம் அடித்தது. அருமனைப் பக்கம் யாரோ ஒருவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறானாம். விரல் இடுக்கெல்லாம் ஒட்டுப்பால் கறுத்துக் கிடந்தது. ஹாஸ்டலில் நம் மூவரில் நகத்தைச் சுத்தமாக வைத்திருந்தவன் அவன்தான்.

“29-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழித்துறை ஆற்றில் ஞானஸ்நானம் எடுக்கிறேன்” என்றான். “மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார்கள். உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இருக்கிறதே, அதை. அதனால் வந்தேன். மாதம் 2,000 தருகிறேன்.”

நான் சொன்னது இது: “தண்ணீரில் முங்கினால் கடன் கரைந்துவிடுமா?”

இன்னும் சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. உள்ளேயிருந்து என் மனைவி, “மழையில் நிற்கிறீர்களே அண்ணா, உள்ளே வந்து உட்காருங்கள்” என்று கூப்பிட்டாள். நான் வாசலை விட்டு நகரவில்லை. அவன் உறையைத் திண்ணை ஓரத்தில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே என் செருப்பை எடுத்து வைத்துவிட்டுப் போனான். சங்கிலியை இழந்தவள் அவள். அவள் கூப்பிட்டாள், நான் மறித்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் எல்லை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் தமிழ் ஆராதனைக்குப் போனேன். பரமண்டல ஜெபம் வந்தது. “எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. சபை முழுவதும் ஒரே குரலில் அதைத் தாண்டிப் போகிறது, நான் மட்டும் அந்த வரியிலேயே நிற்கிறேன். அறுபது வருஷமாக வாரம் தவறாமல் சொன்ன வரி. அதில் “போல” என்று ஒரு சொல் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மன்னிக்கிற அளவுக்கு என்னை மன்னியும் என்று நானே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மத்தேயு ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே குற்றம் இல்லை, கடன் இருக்கிறது: “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” பக்கத்திலேயே இளையவனின் மலையாள வேதபுத்தகம் கிடந்தது. அதில் எப்படி இருக்கிறது தெரியுமா? “ஞங்ஙளுடெ கடக்கார்க்கு ஞங்ஙள் விட்டிரிக்குன்னதுபோலெ.” தமிழில் மன்னிக்கிறதுபோல, மலையாளத்தில் விட்டிருக்கிறதுபோல. கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல்லுக்கும் விட்டுவிடுதல், போகவிடுதல் என்பதே பொருள். இந்த எல்லையில் இரண்டு மொழியையும் காதில் வாங்கிக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன், இந்தச் சொல் என் காதில் விழவில்லை. கடனை விட்டுவிட்டு வந்து நின்று கேட்கிறார்கள் மலையாளத்தில் ஜெபிக்கிறவர்கள். நான் கடன் பத்திரத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு வந்து கேட்கிறேன். சாட்சிக் கையெழுத்து உன்னுடையது, நினைவிருக்கிறதா? பச்சை மை.

இனிதான் என் குழப்பம். பொறுமையாக வாசி.

ஹாஸ்டலில் நாம் இருவரும் போட்ட சண்டை எல்லாம் இதைப் பற்றித்தானே? நான் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைத் தூக்கிக்கொண்டு வருவேன்: விசுவாசத்தினாலே மட்டும் இரட்சிப்பு. நீ யாக்கோபு நிருபத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய்: கிரியை இல்லாத விசுவாசம் செத்தது. யாக்கோபை “வைக்கோல் நிருபம்” என்று சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் 1522-ல் எழுதியதை எவனோ உனக்குச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து என் தட்டில் சோறு விழும்போதெல்லாம் “வைக்கோல் வேண்டுமா?” என்று கேட்பாய். அதே லூத்தர் அதே 1522-ல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் இயங்குவது, நற்கிரியை செய்யலாமா என்று அது கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்கிறார். அதை யாரும் உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ இரண்டு வருஷம் என்னை நிம்மதியாகச் சாப்பிட விட்டிருப்பாய்.

பவுலும் யாக்கோபும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளைத்தான். பவுல் காட்டுவது ஆதியாகமம் 15-ஐ: வானத்து நட்சத்திரத்தைப் பார்த்து ஆபிரகாம் நம்பினான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. யாக்கோபு காட்டுவது 22-ஐ: அதே ஆபிரகாம் மகனைக் கூட்டிக்கொண்டு மலை ஏறினான். நடுவில் எத்தனையோ வருஷம் கிடக்கிறது. நம்பிய நாளில் அவன் ஒன்றும் செய்யவில்லை, நம்பினான், அவ்வளவுதான். ஆனால் நம்பியவனின் கால்தான் பிறகு மலை ஏறியது. இதற்காகவா ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வார்டன் வந்து விளக்கை அணைக்கும் வரை கத்தினோம்? 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் உங்கள் கத்தோலிக்க சபையும் உலக லூத்தரன் ஐக்கியமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, கிருபையால் மட்டுமே, நம் தகுதி எதையும் பார்க்காமல் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நாம் பெறுகிற பரிசுத்த ஆவியானவர் நம்மை நற்கிரியைக்கு அழைக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். நீ மீட்பு என்பாய், நான் இரட்சிப்பு என்பேன். நீ நம்பிக்கை, நான் விசுவாசம். அந்தப் பழைய சண்டை என் மனதில் ஓய்ந்துவிட்டது.

ஓயாதது மத்தேயு 6:15. “மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்.” எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இந்த வசனம் இளகவில்லை. இரட்சிப்பு ஈவு என்றால், இலவசம் என்றால், இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? நான் மன்னிப்பதுதான் விலையா?

சீட்டுக் கணக்கில் வைத்துப் பார். மாதாமாதம் கீழ்ப்படிதலைத் தவணையாகக் கட்டிக்கொண்டே வந்து, முடிவில் இரட்சிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் மனதின் அடியில் நான் நினைத்திருந்தேன். வாய் மட்டும் கிருபை என்றது. அதனால்தான் அவன்மேல் அத்தனை ஆத்திரம். ஒரு தவணையும் கட்டாதவன் முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு போகிறானே என்ற எரிச்சல். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கியவனை உங்கள் பூசைகளில் நல்ல கள்ளன் என்பீர்களே, அவன் எத்தனை தவணை கட்டினான்? ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, திருப்பிக் கொடுக்கக் கை இல்லை, இரண்டு கையும் ஆணியில் இருக்கிறது. “அடியேனை நினைத்தருளும்” என்று ஒரே ஒரு வேண்டுதல். “இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்” என்று பதில்.

மத்தேயு 18-ல் இயேசு சொன்ன உவமையில் இருக்கிற வேலைக்காரனை ஞாயிறு ராத்திரி முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் எடுத்துக் கணக்கே போட்டேன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அவன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி, லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கும் மேல். அதை ராஜா விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன் நூறு வெள்ளிப்பணக் கடன்காரனைத் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். பிரசங்கங்களில் எல்லாம் அந்த நூறைச் சில்லறை என்று சொல்லித் தள்ளிவிடுகிறார்கள். சில்லறை அல்ல, சூசை. நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. உன் 60,000 சில்லறையா? என் மனைவியின் சங்கிலி சில்லறையா? உண்மையான கடன்தான் அது, இயேசு அதை இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் வரிசையைப் பார். ராஜா விட்டது முதலில். வேலைக்காரன் யாரையும் மன்னித்து அதைச் சம்பாதிக்கவில்லை. வெளியே வந்து நெரித்தபோதுதான், தனக்கு விடப்பட்டது அவனுக்குள் இறங்கவேயில்லை என்று தெரிந்தது. காசு தப்பியது என்று மட்டும் நினைத்திருக்கிறான். என் மன்னிப்பு விலை அல்ல என்று இப்போது நம்புகிறேன். ஆனால் அது இல்லாத இடத்தில் நான் வாங்கியது என்ன என்ற கேள்வி வருகிறது. தொண்டையைப் பிடித்திருக்கிற கை எதையும் வாங்க முடியாது. 6:15 அதைத்தான் சொல்கிறது என்று எனக்குப் படுகிறது. நீ இதற்கு மறுப்பு எழுது, காத்திருக்கிறேன்.

வரி வசூலித்த சகேயுவும் அப்படித்தான். அவன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசு கூப்பிட்ட பிறகுதான் “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்கிறான். பணம் இன்னும் கைமாறவில்லை, அதற்குள் “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்று சொல்லியாகிவிட்டது. என் திண்ணையில் நாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு ஈரத்தோடு இருந்தது. ஒரு வசனத்தைக் கேட்டுவிட்டு மழையில் நடந்து வந்தவன் அவன். அந்த வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன் அருமனைக்குப் போனேன். இளையவன் பைக்கில் கொண்டுபோய் விட்டான். மழைக்காகப் பிளாஸ்டிக் கட்டிய மரங்களுக்கு நடுவே நெற்றி விளக்கோடு அவன் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி பட்டையை நூல் கனத்துக்குச் சீவிக்கொண்டு இறங்குகிறது, பின்னாலேயே வெள்ளைக் கோடாகப் பால் ஊறி வந்து சிரட்டையில் சொட்டுகிறது. என்னைப் பார்த்தும் அவன் நிறுத்தவில்லை, அந்த வெட்டை முடித்துவிட்டுத்தான் திரும்பினான். வெட்டை நடுவில் விடக்கூடாது என்றான்.

“கடனை விட்டுவிட்டேன், பத்திரத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்” என்றேன்.

அவன் வாங்கவில்லை. “பணத்தை விட்டுவிடாதே. அதை நான் கட்டி முடிக்க வேண்டும். வேறு ஒன்று இருக்கிறதே, நீங்கள் இருவரும் என்னை நம்பினீர்களே, அதைக் கட்ட என்னிடம் எதுவும் இல்லை. அதை விட முடியுமா?”

என்னிடம் வருவதற்கு முன்பே அந்தச் சீட்டில் பணம் போட்டிருந்த மீன்காரப் பாட்டியின் மகளிடம் போய் முதல் தவணையைக் கொடுத்திருக்கிறான். பாட்டி உயிரோடு இல்லை. மாதம் 2,000 என்றால் என் கடன் மட்டும் முடிய ஏழரை வருஷம். அவனுக்கு வயது 66. பாவசங்கீர்த்தனம் செய்தாலும் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை போகாது என்று நீ அந்தக் காலத்தில் சொல்வாயே, அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் அப்படியே சொன்னான். நான் விட்டேன் என்றேன். வாயால் சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பாதி வழியில் சங்கிலி நினைவு வந்தது, மறுபடியும் நெஞ்சு இறுகியது. மறுபடியும் விட்டேன். ஏழெழுபதுதரம் என்று பேதுருவிடம் சொன்னது ஏழெழுபது பேருக்காக மட்டுமல்ல போலிருக்கிறது, ஒரே ஆளின் ஒரே குற்றத்துக்கும்தான்.

கிளம்பும்போது கேட்டான்: “சூசை வருவானா?”

என்ன சொல்வேன்? என் கடனை நான் விடலாம். உன் கடனை உனக்காக நான் விட முடியாது. அதில் எனக்கு அதிகாரம் இல்லை. உன்னைக் கட்டாயப்படுத்தவும் மாட்டேன். அந்த வருஷம் நீ மூணாறில் யார் யாரிடம் கை நீட்டினாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் பெயரைச் சொன்னபோது அவன் நெற்றி விளக்கை அணைத்துவிட்டான், முகத்தை நான் பார்க்கக்கூடாது என்று.

29-ம் தேதி காலை ஏழு மணி, ஆற்றில் வெள்ளம் ஏறாமல் இருந்தால். சனிக்கிழமை காலையிலேயே மூணாறிலிருந்து பஸ் ஏறினால் ராத்திரி இங்கே வந்துவிடலாம். மாடி அறையில் மூன்று கட்டில் போட்டுவைத்திருக்கிறேன். வர மனம் இல்லையென்றால் அதையாவது ஒரு வரி எழுது, அவனிடம் நான் பொய் சொல்லாமல் இருக்க.

உன்
ஞானதாஸ்

பி.கு: பத்திரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவன் கேட்டபடி பின்பக்கத்தில் முதல் வரவு எழுதிவிட்டேன்: 12.6.2025, ரூ. 2,000. உன் பச்சைக் கையெழுத்து மங்கவே இல்லை.