பதில் வராத படிவங்கள்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய சினாப்சிஸை, அதாவது உன் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை, மூன்று தடவை படித்துவிட்டேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து பேச்சே இல்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

சர்வேயை விட்டுவிட்டு 20 பேரிடம் உட்கார்ந்து பேசப்போகிறேன் என்று நீ சொன்னதும், "கதை கேட்பதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன், எத்தனை பேர், எவ்வளவு என்பது உன் கேள்வியானால் எண்ணித்தான் ஆகவேண்டும். இதனால்தான் அது நடந்ததா என்றால் சோதனை வேண்டும். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி என்ற ஈறு வீங்கி ரத்தம் கசியும் நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாக வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் மளமளவென்று தேறினார்கள். ஒப்பிட ஆளில்லாமல் அதைச் சொல்லியிருக்க முடியுமா? ஏன், எப்படி என்றால்... சரி, அங்கே நீ சொல்வதுதான். கேள்வியை முதலில் முடிவு செய், முறை பின்னால் வரும். நேரத்துக்குத் தூங்கு.

அன்று போனை வைத்த பிறகு ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் ஞாபகம் வந்தார். 1854, லண்டன் காலரா. காலரா தண்ணீரால்தான் பரவுகிறது என்று காட்ட, பிராட் தெரு தண்ணீர் பம்பைச் சுற்றிச் செத்தவர்களை எண்ணினார். அது என் கட்சி. ஆனால் தள்ளி, ஹாம்ஸ்டெட்டில் செத்த ஒரு அம்மாள் மட்டும் கணக்கில் இடித்தார். மகன் சொல்லித்தான் தெரிந்தது, அந்தப் பம்புத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அது உன் கட்சி.

பேச மறுப்பவர்களையும் கணக்கில் காட்டுவேன் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். பெருமையாக இருந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. என் பிஎச்.டி.க்கு 300 கேள்விப் படிவம் கொடுத்தேன். 38 திரும்பி வரவில்லை. அந்த 38ஐயும் நானே ஒரு ராத்திரி உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி நிரப்பினேன். கைடுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. சின்ன வயதில் சுவரில் இருக்கும் அந்தப் பட்டத்தைக் காட்டி நானும் வாங்குவேன் என்பாய். எண் இல்லாவிட்டால் ஆய்வே இல்லை என்று உன்னிடம் கத்தியவன் இந்த ஆள்தான்.

அண்ணனிடம் சொல்லாதே. 14 பேர்தான் கிடைத்தார்கள் என்றால் 14 என்றே எழுது.

எப்போது முடிப்பாய் என்று இனிமேல் கேட்கமாட்டேன். நீ பேசாத இந்த ஏழு வாரத்தில் நானாக எதையும் போட்டு நிரப்பக்கூடாது என்றுதான் பார்க்கிறேன். முடியவில்லை.

அப்பா