ராத்திரியோடு ராத்திரியாக வரும் அப்டேட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். நம் மாவட்டத்தில் ரப்பர் தளிர்விடும் சமயம்தான் தேன் காலம் என்பதால், அதற்கு முன்னால் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொள்ள மார்கழிக் கடைசியில் ஒரு வகுப்பு வைப்பது வழக்கம். இந்த வருஷம் அந்த வகுப்பைக் கெடுத்தது ஸ்லைடு காட்டும் மென்பொருளுக்கு வந்த அப்டேட்.

முந்தின ராத்திரி பதினொரு மணி வரை ஒவ்வொரு ஸ்லைடாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். காலையில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்தபிறகு லேப்டாப்பைத் திறந்தால், என்னைக் கேட்காமலே அது புது வெர்ஷனுக்கு மாறியிருக்கிறது. தலைப்பில் 'தேனீ' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், 'த' ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். அடுத்து வீடியோ. 'தாய்லாந்து சாக்புரூட்' என்ற வைரஸ் நோய் வந்த தேனீப் புழு எப்படி அறைக்குள் தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும், இடுக்கியால் எடுத்தால் எப்படி நீர் நிறைந்த பை மாதிரி வரும் என்று நானே அடையின் பக்கத்தில் நின்று எடுத்தது. சத்தம் மட்டும் கேட்டது, திரை கறுப்பாகவே நின்றது. 1990களின் தொடக்கத்தில் இந்த நோயில் குமரி மாவட்டத்துத் தேனீக் கூட்டங்கள் எப்படி அழிந்தன என்று இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். பின்வரிசையிலிருந்த ஒருவர், "சார், அதைப் பார்க்கத்தானே வந்தேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிறுவனத்துக்கு எழுதினேன். அழித்துவிட்டுத் திரும்ப நிறுவுங்கள் என்று பதில் வந்தது. செய்தேன், அதே கதைதான். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப என்னைப் போன்றவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு வழியும் இல்லை. இத்தனைக்கும் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறேன்.

பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்யும் அப்டேட் வேண்டும், அதை நிறுத்திவைப்பது ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு பட்டனை இடம் மாற்றுவதையும் புது அலங்காரத்தையும் ஏன் சேர்த்துக் கட்டுகிறீர்கள்? விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் உபுண்டு லினக்ஸில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நீண்டகால வெர்ஷன் ஒன்று வருகிறது, அதற்கு 5 வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் தருகிறார்கள், விரும்பியவர்கள் அதிலேயே இருந்துகொள்ளலாம். இலவசமாகக் கொடுப்பவர்களால் முடிகிறது, காசு வாங்குபவர்களால் முடியாதா? அப்புறம், வெளியிடுவதற்கு முன் தமிழில் நாலு வரி அடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இப்போது ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி பென்டிரைவில் வைத்துக்கொள்கிறேன். ஸ்மார்ட் போர்டில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களும் அப்படியே செய்யுங்கள், எழுத்து உடையாது. வீடியோவை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்வரிசைப் பெரியவருக்குப் போன வாரம் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து போனிலேயே அதைப் போட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்புப் பயிற்சியாளர் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.